நிகர எடை

காங்கயத்திலிருந்து சென்னிமலை ரோட்டில்
நாலாவது கொப்பரைக் களம் தாண்டி
எங்கள் எடைமேடை.
அறையில் இருக்கிற கம்ப்யூட்டர் பழசு.
புது உலாவி எதை இறக்கினாலும்
இந்த இயந்திரத்தில் ஓடாது என்று
வாசலோடு அனுப்பிவிடும்.

இரவில் லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஒரு மணி நேரம் கிடக்கும், சில நாள் இரண்டு.
பள்ளிக்கூடத்துப் பாடக் குறுந்தகடு செய்கிற மென்பொருள் ஒன்று
அதில் முன்னமே இருந்தது, யார் போட்டதோ.
பொத்தானை இழுத்து வைக்கலாம்.
பொத்தானின் முதுகில் எழுதலாம்:
என்னை அழுத்தினால்
முந்தின பக்கத்துக்குப் போ.
அவ்வளவுதான்.
போனது.

உள்ளே ஓடுகிற எஞ்சின் என்னுடையது இல்லை,
அதை நான் மறைக்கவுமில்லை.
லாரி எவனுடையதோ, சரக்கு எவனுடையதோ,
தார்ப்பாய் கட்டின முடிச்சு மட்டும் என்னுது.
ஆனால் அவிழ்க்கத் தெரிந்தவனும் நான்தான்.

எடை போடுகிறவன் புத்தி வேறெங்கே போகும்?
கொப்பரை ஏல விலை, மொத்தம் நாலு எண்.
அந்த நாலைச் சுமந்து வந்தவை
நகைக்கடை, வீட்டுமனை, முட்டிவலித் தைலம்,
ஓயாமல் குதிக்கிற ஒரு பெண்.
வண்டி எடையைக் கழிப்பதுபோல்
ஒவ்வொன்றாகக் கழித்தேன்.
பொள்ளாச்சி டிரைவர் ரங்கதுரை எட்டிப் பார்த்து
"இதென்னங்க, கூட்டிவுட்ட களமாட்டக் கெடக்குது" என்றார்.
பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கேட்காமல் திறக்கிற ஜன்னல்களைப்
பிடித்து அடைக்கவும் ஓர் இடம் வைத்தேன்.
பெயர் தொண்டுப்பட்டி.
பதினோரு வரி.
எந்த மாடு யாருது என்று விசாரிக்காது.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து
கொப்பரை தரம் பிரிக்கிற துளசிமணி வந்தார்.
"பிஎஃப் எவ்வளவு இருக்குதுன்னு பார்க்கோணுமுங்க."
ஏழு வருசம்.
எண்ணை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வைத்திருந்தார்.
பக்கம் வந்தது, எண் போட்டோம்,
அவர் போனுக்கு வந்த ஆறு இலக்கத்தை
ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்.
பாஸ்புக் என்ற இடத்தை அழுத்தினால்
ஒன்றுமில்லை.
மறுபடி அழுத்தினால்
ஒன்றுமில்லை.
"பணமே இல்லீங்களா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.
பாஸ்புக் தனி ஜன்னலில் திறக்கிற வகை.
நான் கட்டின பட்டியில்
முட்டிவலித் தைலத்துக்குப் பக்கத்தில்
அவருடைய ஏழு வருசம் நின்றுகொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து பன்னிரண்டாவது வரி எழுதினேன்.
அடைக்குமுன் கேள்: இது உங்களுதா?
ஆமா, இல்லை என்று இரண்டு பொத்தான்.
அவரையே அழுத்தச் சொன்னேன்.
ஆமாவை
கொஞ்சம் பலமாகவே அழுத்தினார்.

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள்,
அது இரண்டு பேருக்கும் தெரியும்.
திரையில் கடைசிப் பதினான்கு மாதம்
வெறும் சுழி.

மேடையில் லாரி ஏறி ஆரன் அடித்தது.
நான் எழுந்திருக்கவில்லை.
அவர் கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினார்,
மேலிருந்து ஒரு தரம், கீழிருந்து ஒரு தரம்.
"இதைக் காயிதத்துல எடுத்துக் குடுப்பீங்களா?"

அச்சடிக்கிற பொத்தானை நான் வைக்கவேயில்லை.
கொப்பரை விலையை யார் அச்செடுப்பார்கள்?
ஒன்றை இழுத்து வைத்தேன். முதுகில் ஒரே வரி.
எடைச்சீட்டு அடிக்கிற பிரின்டர்தான் இருந்தது,
அதில் எடைச்சீட்டுத் தாள்தான் இருந்தது.
மேலே முதலாளி மில்லின் பெயர்,
கீழே மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை என்று
முன்பே அச்சான மூன்று கட்டம்.
அவற்றின் குறுக்கே
கரகரவென்று
பதினான்கு சுழிகள் இறங்கின.

கிழித்து நீட்டினேன்.
வாங்கிப் பார்த்துவிட்டு, போகாமல் நின்றார்.
"சீட்டுன்னா சீல் வேணுமுங்களே."

மேசைமேல் இருந்தது.
குத்திக் கொடுத்தேன்.